எங்களை நிறுத்துவதற்கான ஏலம்

நான் டிரம்ஸ் வாசிக்க ஆரம்பித்ததற்கு ஒரே காரணம், அதை உட்கார்ந்து வாசிக்கலாம் என்பதுதான். அப்போது எர்ணாகுளத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் விற்பனைப் பெண்ணாக வேலை செய்தேன். காலை ஒன்பதரையிலிருந்து இருட்டும் வரை நிற்க வேண்டும். ஆள் வராத நேரத்திலும் உட்காரக் கூடாது. சுவரில் சாய்ந்தால் மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமுவார். ஆகவே மட்டாஞ்சேரியில் ஒரு மைக் செட் கடையின் பின்னறையில் நாலு பேர் கூடி, யார் எதை வாசிப்பது என்று பேச்சு வந்தபோது, ஸ்டூலோடு வரும் வாத்தியம் எதுவோ அது எனக்கு என்று முந்திக்கொண்டேன்.

இதற்கு வேறு காரணம் கண்டுபிடித்தவர்களும் உண்டு. என் அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. எங்கள் ஆட்களை அந்த வேலைக்கென்றே தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்து மூன்று தலைமுறை ஆகிறது. அவர்களில் சிலர் சாவு வீட்டுக்கு மேளம் அடிக்கப் போவார்கள். "அது உன்டெ ரத்தத்துல உண்டு" என்று ஒரு படித்த சேட்டன் என்னிடம் பாராட்டாகவே சொன்னார். என் ரத்தத்தில் இருப்பது சர்க்கரை மட்டும்தான், அதுவும் நாற்பதுக்குப் பிறகு வந்தது. நான் அடிக்கக் கற்றது கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியில், தப்பும் தவறுமாக, யாரும் சொல்லிக் கொடுக்காமல்.

மைக் செட் கடையில் வேலை பார்த்தவன் பாஸ் கிட்டார் வாசித்தான். ஃபோர்ட் கொச்சியில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு வீட்டில் அறை பெருக்கி, சாயா போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவன் கிட்டார் வாசித்தான். இருவரும் ஜோடி. ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள், ஒரே சைக்கிளில் போனார்கள், தெருவில் தோள்மேல் கைபோட்டு நடந்தார்கள். ஊரில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆண்பிள்ளைகள் அப்படி இருந்தால் நல்ல சிநேகம் என்று விட்டுவிடுவார்கள். எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது. அதை அவர்களிடமே சொல்லியும் இருக்கிறேன்.

கிட்டார்காரன் வேலை பார்த்த வீட்டில் ஒரு மொட்டைத்தலை வெள்ளைக்காரப் பெண் மஞ்சள் காமாலையோடு ஒரு மாதம் கிடந்தாள். இவன் கஞ்சி வைத்துக் கொடுத்தான். ஊருக்குப் போகும்போது அவள் ஒரு பை நிறையக் கேசட்டுகளும் சில ஜெராக்ஸ் புத்தகங்களும் கொடுத்துவிட்டுப் போனாள். எந்தப் பாட்டும் ஒன்றரை நிமிடம் தாண்டவில்லை. பாடியவர்கள் பாடிய மாதிரியே இல்லை, குழாயடியில் சண்டை போட்ட மாதிரி இருந்தது. அதற்குப் பெயர் ஹார்ட்கோர் பங்க் என்றும், அதைப் பாடியவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான் என்றும் அந்தப் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டோம். ஆணை நேசிக்கும் ஆணுக்கும் பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கும் குவியர் என்று ஒரு சொல் இருப்பதை முதலில் பார்த்தது அதில்தான். அதற்கு முன் எங்களுக்கு எங்களைக் குறிக்க வசவுகள் மட்டுமே தெரியும்.

பாடுகிறவள் வைப்பின் தீவிலிருந்து வருவாள். அப்பா மீன்பிடி வள்ளத்துக்காரர். அம்மாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம், அதனால் அவளும் என்னைப் போலத் தமிழையும் மலையாளத்தையும் ஒன்றாகப் பிசைந்து பேசினாள். எர்ணாகுளத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவில் நிற்பாள். அங்கே மைக் சரிபார்க்கப் போன பாஸ்காரன், வேலை செய்யாத மைக்கை அவள் மூச்சுவிடாமல் திட்டியதைக் கேட்டு, நமக்கு வேண்டிய தொண்டை இதுதான் என்று பேச்சுக் கொடுத்திருக்கிறான். அவளும் நம்மில் ஒருத்தி என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "பாத்தாத் தெரியாதா?" என்றான். எனக்குத் தெரியவில்லை. அவளைப் பார்த்த அன்று எனக்கு வேறெதுவுமே தெரியவில்லை.

பாட்டுகளை அவள்தான் எழுதினாள். ஆஸ்பத்திரித் தாள்களின் பின்பக்கத்தில், மலையாள எழுத்தில், பாதித் தமிழாக. 'என் கட்டிலை நீ எண்ணாதே, உன் வலையில் ஓட்டையை எண்ணு' என்று ஒரு பாட்டு. அதை அவள் கத்தும்போது கழுத்து நரம்பு சுண்டுவிரல் அளவுக்குப் புடைக்கும். நான் பின்னால் உட்கார்ந்திருந்ததால் ஐந்து வருடம் அவள் முதுகைத்தான் பார்த்தேன். சட்டை வியர்வையில் எந்த இடத்தில் முதலில் ஒட்டும் என்று எனக்குத் தெரியும். அவள் மூச்சு எடுக்கத் தோள் உயரும். அந்தத் தோளைப் பார்த்துத்தான் நான் அடிப்பேன்.

எங்களுக்கு மேடை கிடைத்ததும் மைக் செட் கடையால்தான். எங்கள் பகுதியில் ஓர் ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப் இருந்தது. மூட்டை தூக்கும் ஒரு சுமட்டுத் தொழிலாளியின் இதய அறுவைக்காக அவர்கள் நிகழ்ச்சி வைத்தார்கள். சினிமாப் பாட்டுப் பாடும் கானமேளா குழு வர நேரமாகும், அதுவரை கூட்டம் கலையாமல் இருக்க யாராவது வேண்டும் என்றார்கள். பாஸ்காரன் கூசாமல் எங்களைச் சொன்னான். நோட்டீசில் 'ஃப்யூஷன்' என்று அடித்திருந்தார்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டது நாங்கள் மட்டும் இல்லை, கிளப்பும்தான்.

அங்கே இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் ஏலம் விடுவது வழக்கம். யாராவது ஒரு வாழைக்குலையோ சேவலோ கொண்டுவந்து கொடுப்பார்கள். ஏலம் எடுத்தவர் காசைக் கொடுத்துவிட்டுப் பொருளைத் திரும்ப மேடைக்கே அனுப்பிவிடுவார். மறுபடி ஏலம் போகும். ஒரே சேவல் ஐந்தாறு முறை விலைபோய், கடைசியில் கூவத் தெம்பில்லாமல் நிற்கும். அன்று அந்தச் சேவலுக்கு அடுத்தபடியாக எங்களை மேடை ஏற்றினார்கள்.

முதல் பாட்டு முடிந்தபோது ஒரு கைத்தட்டல்கூட இல்லை. இரண்டாவது பாட்டின் நடுவில், முன்வரிசையிலிருந்து சாயாக்கடைக்காரர் ஒருவர் எழுந்து ஐம்பது ரூபாய் நோட்டை உயர்த்திப் பிடித்தார். "மதி மக்களே, மதி! நிறுத்துறதுக்கு நான் காசு தரேன்!"

மதி என்றால் எங்கள் ஊரில் போதும். கிளப் செயலாளர் ஏலம் விட்டுப் பழகின வாய்க்காரர். மைக்கைப் பிடுங்கினார். "நிறுத்த அம்பது! தொடரணும்னு யாராச்சும் உண்டா? தொடர எழுபத்தஞ்சு?" பின்னால் நின்ற இளவட்டங்கள் சாயாக்கடைக்காரரை வெறுப்பேற்றவே நூறு என்றார்கள். நாங்கள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தோம். அரை நிமிடத்தில் மறுபடி "நிறுத்து!" மறுபடி "தொடரு!" சேவலைவிட நாங்கள் நல்ல விலைக்குப் போனோம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இறங்கியதும் குச்சிகளை வீசிவிட்டு, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எடீ, அந்த ஆளுக்கு ஆப்ரேஷன் நடக்கும். நம்ம பாட்டு நல்லா இருந்திருந்தா நடந்திருக்குமா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு இடக்கொச்சி வரை பல கிளப்புகள் எங்களைக் கூப்பிட்டன. வீடு எரிந்தவர்களுக்கு, கிட்னி போனவர்களுக்கு, வள்ளம் உடைந்தவர்களுக்கு. எங்கள் பாட்டு கேட்பதற்கு எவ்வளவு கொடுமையாக இருக்கிறதோ அவ்வளவு பணம் சேரும். கொஞ்சம் தணிந்து வாசித்தால் ஜனங்கள் பேசாமல் கடலை கொறித்துக்கொண்டு கேட்பார்கள், பைக்குள் ஒருவர் கையும் போகாது. ஆகவே தணிந்து வாசிப்பது எங்களுக்குள் பாவம் என்றாகிவிட்டது. மேடையேறுவதற்கு முன் அவள் என் விரல்களுக்கு ஆஸ்பத்திரி பிளாஸ்டர் சுற்றிவிடுவாள். நர்ஸ் கை, வேகமாகத்தான் சுற்றும். எனக்குச் சுற்றும்போது மட்டும் மெதுவாகச் சுற்றியது என்று நான் நம்பினேன். வீட்டில் என் கையைப் பார்த்துவிட்டு அப்பா கேட்பார்: "எந்தா மோளே, இப்படி அடிச்சு அடிச்சு யாரைத் தொரத்துறே?"

ஒரே ஒரு முறை யாரும் எங்களை நிறுத்தச் சொல்லவில்லை. எர்ணாகுளத்தில் ஒரு மாடியறையில் ஒரு தொலைபேசி வைத்துக்கொண்டு சிலர் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணை நேசித்த பெண்கள், வீட்டில் பூட்டப்பட்டவர்கள், ஓடிவந்தவர்கள் அந்த எண்ணுக்குக் கூப்பிடலாம். அந்த நாட்களில் இரண்டு பெண்கள் சேர்ந்து செத்துப்போனார்கள் என்ற செய்தி பேப்பரின் மூலையில் அடிக்கடி வரும். தோழிகள் என்று போட்டிருப்பார்கள். அந்தத் தொலைபேசிக்கு வாடகை கட்ட ஒரு சின்ன ஹாலில் நிகழ்ச்சி. நாற்பது பேர் வந்திருப்பார்கள். முதல் பாட்டிலேயே எழுந்துவிட்டார்கள். ஒரு பெண் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குதித்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி. இருவருக்கும் ஐம்பது வயதாவது இருக்கும். நான் தாளம் தப்பினேன். அப்படி இரண்டு பேர் வயதாகியும் உயிரோடு இருக்க முடியும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. அன்று வசூல் பரிதாபமாக இருந்தது. நிறுத்து என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

வைப்பினுக்குப் பாலம் வந்துவிட்ட காலம் அது. எர்ணாகுளத்திலிருந்து அவள் வீட்டு வாசலுக்கே பஸ் உண்டு. ஆனால் அவள் என்னோடு படகில், நான் இறங்கும் ஃபோர்ட் கொச்சிக்கு வருவாள். அங்கிருந்து எதிர்க்கரையில் இருக்கும் வைப்பினுக்கு மறுபடி படகு ஏறிப் போவாள். எதற்கு இந்தச் சுற்று என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கேட்டால் அவள் பஸ்ஸில் போய்விடுவாளோ என்று பயம். ஐந்து வருடத்தில் எங்களுக்குள் அதற்கு மேல் நடந்தது ஒன்றோ இரண்டோ தடவை, அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பேசிக்கொண்டது அதைவிடக் குறைவு. மேடையில் அவ்வளவு கத்தினவர்கள் நாங்கள்.

அந்த ஹாலிலிருந்து திரும்பும்போது படகில் அவள் சொன்னாள். குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இடம் இருக்கிறது. ஏஜென்டுக்குப் பணம் கட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்.

"போகணுமா?" என்றேன்.

"வீட்டுல ஒருத்தனைப் பாத்து வெச்சிருக்காங்க. போனா அது நிக்கும். அப்பாக்குக் கடன் உண்டு, மோள் அனுப்புற காசு வரும்னா கல்யாணத்தைப் பத்தி வாய் திறக்க மாட்டாரு."

"போகலேன்னா?"

"ஈஸ்டர் கழிஞ்சு கல்யாணம்."

வா, எங்காவது போகலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். நின்று சம்பாதிக்கும் என் சம்பளத்தில் எங்கே போவது? அந்தத் தொலைபேசி எண் என் பையிலேயே இருந்தது. அதை எடுத்து நீட்டக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. இதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கிளப் செயலாளர் காதுக்கு விஷயம் போனது. நல்ல மனிதர். "எத்தனை பேருக்காகக் கூவினீங்க. ஒரு தடவை உங்களுக்காகக் கூவுங்க" என்றார். நோட்டீஸ் அடித்தார்கள்: ஒரு நர்ஸ் சகோதரியின் வெளிநாட்டுப் பயணத்துக்கு உதவி. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. இந்தத் தடவை கானமேளா இல்லை, வாழைக்குலை இல்லை. ஏலத்துக்கு நாங்கள் மட்டும்.

அவளை அனுப்புவதற்கு நான் அடிக்க வேண்டும். அதுவும் முன்பு எப்போதும் அடித்ததைவிட மோசமாக, காது பொறுக்காமல் ஊரே கையைப் பைக்குள் விடும்படி அடிக்க வேண்டும். அந்த வாரம் முழுக்கச் சேலைகளை மடித்துக்கொண்டே இதைத்தான் நினைத்தேன்.

கூட்டம் நன்றாகவே வந்திருந்தது. சாயாக்கடைக்காரர் வழக்கமான இடத்தில், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு பாட்டுக்கு ஏலம் சூடாகப் போனது. மூன்றாவது பாட்டில் என் கை தணிந்தது.

தவறி நடந்தது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். நான் தெரிந்துதான் செய்தேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். தாளத்தட்டைத் தொடவே இல்லை. குச்சி நுனியால் மட்டும் அடித்தேன், தாலாட்டு மாதிரி. கிட்டார்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்துவிட்டு அவனும் தணித்தான். பாஸும் தணிந்தது. அவள் இரண்டு வரி கத்திப் பார்த்தாள். கீழே சத்தம் இல்லாததால் அவள் குரலும் தானாக இறங்கி, சர்ச்சில் பாடுகிற குரல் வந்துவிட்டது. என்ன குரல் அது. ஐந்து வருடமாக நான்தான் அதை மூடி அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. சாயாக்கடைக்காரர் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். செயலாளர் மைக்கைப் பிடித்தபடி "நிறுத்த யாராச்சும்... நிறுத்த யாராச்சும்..." என்று சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பாட்டை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். மேடையில் அவள் முகத்தை நான் பார்த்தது அன்றுதான். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். கோபம் இல்லை. டிரம்ஸைச் சுற்றிக்கொண்டு வந்து என் காதருகே குனிந்தாள்.

"நான் போகாட்டி உனக்குக் கிட்ட மாட்டேன்டீ. அவனுக்குத்தான் கிட்டுவேன். மனசிலாச்சா?"

நான் தலையாட்டினேன்.

"அப்போ அடி."

அடித்தேன். என் வாழ்க்கையில் அப்படி அடித்ததில்லை. பிளாஸ்டர் பிய்ந்து போனது. அவள் மைக்குக்கு ஓடி, 'உன் வலையில் ஓட்டையை எண்ணு' என்று கத்தியதில் முன்வரிசைக் குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. சாயாக்கடைக்காரர் அவசரமாகப் பஞ்சைத் தேடினார். நிறுத்து, தொடரு, நிறுத்து, தொடரு என்று நோட்டுகள் மேடைக்கு வந்துகொண்டே இருந்தன.

கடைசிப் பாட்டின் பாதியில் நிறுத்தியிருந்தோம். பின்னாலிருந்து ஒருவர் தொடரச் சொல்லிக் கேட்ட விலைதான் மேலே நின்றது. அதற்கு மேல் கேட்க யாரிடமும் தெம்பில்லை, கையிலும் காசில்லை. ஏஜென்டுக்குக் கட்ட இன்னும் கொஞ்சம் குறைகிறது என்று செயலாளர் விரலால் எங்களுக்குக் காட்டினார். காட்டிவிட்டு எண்ண ஆரம்பித்தார். "தொடர ஒரு தரம்... தொடர ரெண்டு தரம்..."

மூன்று தரம் ஆகியிருந்தால் மீதிப் பாட்டையும் வாசித்திருப்போம். அவள் தோள் மூச்சுக்காக உயர்ந்தது. அதை நான் பார்த்தேன். இன்னும் முக்கால் நிமிடம் அவள் முதுகு எனக்குக் கிடைத்திருக்கும். முந்தின நாள் வாங்கிய சம்பளக் கவர் ஸ்டூலுக்கு அடியில் என் பையில் இருந்தது. நான் எழுந்து நின்றேன்.

"நிறுத்த" என்று என் மாதச் சம்பளத்தைச் சொன்னேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "டிரம்ஸ்காரிக்கே பொறுக்கலை!" என்று யாரோ கத்தினார்கள். செயலாளரும் சிரித்துக்கொண்டே மூன்று தரமும் எண்ணி மேசையைத் தட்டினார். விதிப்படி நாங்கள் அதோடு நிறுத்தியாக வேண்டும். பாஸ்காரன் போய் மைக்கை அணைத்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அணைத்த மைக்கைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் அந்த மாதமே போனாள். இரண்டு வருடம் வெள்ளிக்கிழமைகளில் போன் செய்தாள், பிறகு பண்டிகைக்குச் செய்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன். அவள் அங்கே இன்னொரு நர்ஸோடு ஒரே ஃபிளாட்டில் இருக்கிறாள் என்றும், நல்ல சிநேகம் என்றும் அவள் அம்மா சொன்னதாக ஒருவர் சொன்னார். நல்லது. மனசார நல்லது என்றுதான் சொல்கிறேன், ஆனால் அதைக் கேட்ட அன்று இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

பாதியில் நின்ற அந்தப் பாட்டு அப்படியே நிற்கிறது. தொடரச் சொல்லி அதற்குப் பிறகு யாரும் ஏலம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்ட இடத்திலிருந்து அடித்திருப்பேன். இன்று கேட்டாலும் அடிப்பேன்.